பூட்டு ஊரில் முதல் நாள்

திண்டுக்கல்லை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள். பழனிக்குப் போகும்போது பார்த்திருக்கிறீர்கள், குழந்தைகளைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போன கோடை விடுமுறையில் பார்த்திருக்கிறீர்கள், மதுரையில் ஒரு கல்யாணம் என்று போனபோது, ரயில் நின்ற சில நிமிஷங்களில், மேல் பர்த்தில் இருந்த கணவரைத் தட்டி எழுப்பி, "இது எந்த ஊர்?" என்று கேட்டிருக்கிறீர்கள். "திண்டுக்கல்தான், மதுரைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, தூங்கு" என்று அவரும் பதில் சொல்லியிருப்பார். அத்துடன் திண்டுக்கல் முடிந்துவிட்டது!

வழியில் கிடக்கும் ஊர் என்று பெயர் எடுத்துவிட்டால் அந்தப் பெயரை மாற்றுவது கஷ்டம். திருச்சியிலிருந்து ஒன்று, மதுரையிலிருந்து ஒன்று, கரூரிலிருந்து ஒன்று, பொள்ளாச்சி பழனிப் பக்கமிருந்து ஒன்று என்று நான்கு ரயில் பாதைகள் வந்து கூடும் பெரிய ஜங்ஷன் அது. 1985 முதல் ஒரு ஜில்லாவின் தலைநகரம்; 2014-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. 2011-ம் வருஷக் கணக்கெடுப்பில் நகரத்து ஜனத்தொகை 2 லட்சத்தைத் தாண்டியது. ஆனாலும் நமக்கு அது பழனி முருகனுக்கும் கொடைக்கானல் ஏரிக்கும் போகிற வழியில் காப்பி குடிக்கும் இடம், அவ்வளவுதான்.

இந்தத் தடவை இறங்கிப் பாருங்களேன். ஒரே ஒரு நாள். மறுநாள் மலைக்கோ மதுரைக்கோ போய்க்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை மனம்விட்டுப் பேசிவிடுவோம். புது ஊரில் முதல் நாள் என்பது நம் குடும்பங்களில் எப்படி நடக்கிறது? குடும்பத் தலைவர் சட்டைப் பையில் ஒரு பட்டியல் இருக்கும். இந்தக் காலத்தில் அது செல்போனில் இருக்கலாம், பட்டியல் பட்டியல்தான். காலை ஆறு மணிக்குக் கோட்டை, எட்டு மணிக்குக் கோயில், பத்து மணிக்கு இன்னொரு கோயில், பகலில் மலை, சாயங்காலம் அணை. ராத்திரி முழுவதும் ரயிலில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு இது ஒரு தண்டனை என்று அவருக்குத் தோன்றுவதே இல்லை. "இவ்வளவு செலவு பண்ணிக்கொண்டு வந்துவிட்டுத் தூங்குவதா?" என்பார்.

வீட்டு அம்மாளின் கதி இன்னும் வேடிக்கை. சின்னவனுக்கு மாத்திரை எந்தப் பையில்? பெரியவளின் ஸ்வெட்டர் எங்கே? மாமியாருக்கு வெந்நீர் கிடைக்குமா? ஈரத் துண்டை எங்கே உலர்த்துவது? பட்டியலில் உள்ள ஊரெல்லாம் மற்றவர்களுக்கு. பைகள் மட்டும் அவளுக்கு. ஊர் மாறியதே தவிர உத்தியோகம் மாறவில்லை! வருஷத்துக்கு ஒரு முறை கிடைக்கிற நாலு நாள் ஓய்வில் முதல் நாள் இப்படிப் பறிபோனால், பாக்கி மூன்று நாளும் தலைவலியிலேயே போய்விடும். அதனால்தான் இந்தக் கட்டுரையில் ஊரைப்பற்றிச் சொல்வதோடு, ஊரில் எதைச் செய்யாமல் இருப்பது என்பதையும் சொல்லப் போகிறேன். செய்யாமல் இருப்பதற்குத்தான் துணிச்சல் வேண்டியிருக்கிறது.

சென்னைவாசிகள் முதலில் ரயில் விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மதுரைக்கு விடியற்காலையில் போய்ச் சேருகிற இரவு வண்டிகள் திண்டுக்கல்லை இருட்டிலேயே கடந்துவிடும். தூக்கக் கலக்கத்தோடு குழந்தையையும் பெட்டியையும் ஒருங்கே தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் இறங்கி, அறை காலியாகும்வரை பெஞ்சியில் காத்திருப்பது முதல் நாளைத் தொடங்கும் முறை அல்ல. பகல் வண்டியில் வாருங்கள். 1977 முதல் ஓடிக்கொண்டிருக்கும் வைகை எக்ஸ்பிரஸ் பகலில் சென்னையை விட்டு இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திண்டுக்கல்லில் கொண்டுவந்து விட்டுவிடும். இரவு வண்டிதான் என்றால், விடியுமுன் வருவோம் என்று தங்கும் விடுதிக்கு முன்கூட்டியே சொல்லி, அன்றைய காலையையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். சில விடுதிகளில் நாள் என்பது பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் ஆரம்பமாகும். வேறு சிலவற்றில் நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து இருபத்துநான்கு மணி நேரம். இந்த ஒரு கேள்வியைக் கேட்டு வைத்தால் அரை நாள் மிச்சம்.

அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் இரண்டு பைகளைத் தவிர மற்றதைத் திறக்காதீர்கள். ஒன்று குழந்தைகளுடையது, இன்னொன்று சோப்பும் துண்டும் உள்ளது. மீதி அப்படியே கிடக்கட்டும். எல்லோரும் தூங்குங்கள்.

தூக்கம் வராது. ஏன் என்று எனக்குத் தெரியும். "வீட்டைப் பூட்டினோமா?" என்ற கேள்வி வந்து தலையணைமேல் உட்கார்ந்திருக்கும். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது ஞாபகம் இருக்கும். ஆனால் அது இந்தத் தடவையா, போன தடவையா என்று சந்தேகம் வந்துவிடும். கவலைப்படாதீர்கள். இந்தக் கவலைக்கு மருந்து செய்து விற்கிற ஊருக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

காலையில் சாவகாசமாக எழுந்து, இட்டிலி தோசையை முடித்துவிட்டு வெளியே வந்தால் கண்ணுக்கு முதலில் படுவது அந்தப் பாறை. ஊர்ப் பெயருக்கே அதுதான் காரணம் என்பார்கள்: திண்டு போலப் படுத்துக் கிடக்கிற கல், திண்டுக்கல். சாய்ந்து உட்காருவதற்கு யாரோ ஒரு ராட்சசன் போட்டுவைத்த தலையணை மாதிரி, மரமும் செடியும் அதிகமில்லாமல் மொட்டையாக, ஒரே கல்லாக, நகரத்தின் மேற்குப் பக்கத்தில் கிடக்கிறது. அதன் தலையில் கிரீடம் வைத்தாற்போல் கோட்டைச் சுவர்.

பார்த்ததும் குழந்தைகள் ஏறவேண்டும் என்று குதிப்பார்கள். குடும்பத் தலைவரும் சேர்ந்து குதிப்பார். நீங்கள் மசியக் கூடாது. காலை பத்து மணிக்குமேல் அந்தப் பாறை தோசைக்கல்லாக மாறிவிடும். நிழல் என்று சொல்லிக்கொள்ள வழியில் அதிகம் இல்லை. சித்திரை வைகாசியில் கேட்கவே வேண்டாம். மார்கழி தை மாதங்களில்கூட உச்சி வெயிலில் ஏறினால் உற்சாகமெல்லாம் பாதிப் படியிலேயே வற்றிவிடும். பாறை நானூறு வருஷமாகக் கோட்டையைச் சுமந்துகொண்டு அங்கேயே இருக்கிறது; சாயங்காலம்வரை எங்கும் போய்விடாது.

காலைப் பொழுதைப் பூட்டுக்குக் கொடுங்கள்.

கடைவீதியில் பூட்டுக் கடை எது என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பூட்டுகளில் எல்லாமே இந்த ஊர்ப் பூட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பளபளவென்று, கையில் எடுத்தால் லேசாக இருப்பவற்றில் பல வடக்கே அலிகாரிலிருந்து மெஷினில் செய்து வருபவை. உள்ளூர்ப் பூட்டு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டதும் கடைக்காரர் உங்களை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். பிறகு உள்ளே போய், ஒரு கனமான சாமானைக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார். "தொம்" என்று ஒரு சத்தம் கேட்கும். அதுதான் திண்டுக்கல் பூட்டு.

மாங்காய் வடிவத்தில் இருப்பதால் ஒன்றுக்கு மாங்காய்ப் பூட்டு என்று பெயர். இவற்றின் சூட்சுமம் எல்லாம் வயிற்றுக்குள்ளே இருக்கிறது. லீவர் என்று சொல்லப்படும் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு சின்ன வில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். சாவியில் உள்ள வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் அதற்கென்று உள்ள உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரு தகடு மயிரிழை கூடுதலாகத் தூக்கினாலும் போச்சு, ஒரு தகடு மயிரிழை குறைவாகத் தூக்கினாலும் போச்சு. எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றால்தான் தாழ் நகரும். தகடு அதிகமாக ஆகத் திருடனுக்கு வேலை அதிகம். இரண்டு சாவி போட்டால் ஒழியத் திறக்காத பூட்டு உண்டு. கோயில் உண்டியலுக்கும், பங்காளிகள் ஒருவரையொருவர் நம்பாத பெட்டிக்கும் அது ரொம்பப் பொருத்தம். பூட்டினால் ஒழியச் சாவியை வெளியே விடாத பூட்டும் உண்டு. நம்மைப்போல் மறதிக்காரர்களுக்கு அதைவிட நல்ல பூட்டு வேண்டியதில்லை. சாவி கையில் இருந்தால் வீடு பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். ராத்திரித் தூக்கத்துக்கு வேறு என்ன வேண்டும்?

கடைக்காரர் மனம் வைத்தால் பட்டறைக்கும் வழி சொல்லுவார். பட்டறை என்றதும் பெரிய புகைபோக்கி எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஊருக்குள் சந்துகளிலும், சுற்றுவட்டாரக் கிராமங்களிலும், ஒரு வீட்டுத் திண்ணை அளவு இடத்தில் நடக்கிற தொழில் இது. தரையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பிடி ராவியை இடுக்கியில் வைத்து, அரத்தால் சாவியை ராவிக்கொண்டிருப்பார் ஒரு பெரியவர். ராவுவார், பூட்டுக்குள் போட்டுப் பார்ப்பார், மறுபடி இரண்டு இழுப்பு ராவுவார். அச்சில் வார்த்த சாவி அல்ல, ஆகவே ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது.

"இந்தக் கை வேலையை உங்கள் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்களா, தாத்தா?" என்று நான் அப்படி ஒரு பட்டறையில் கேட்டேன்.

"அதுக எங்க தாயி இதுல குந்தப் போகுதுக? மில்லு வேலைக்கிப் போனா மாசம் பொறந்தாச் சம்பளம். இங்க நாள் பூரா ராவுனாத்தான் ஒரு பூட்டு" என்றார் அவர், அரத்தை நிறுத்தாமலே.

ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பு எரிந்தது இந்த அரத்தின் சத்தத்தில்தான். இரும்பு விலை ஏறிக்கொண்டே போயிற்று. மெஷின் பூட்டு மலிவாக வந்து குவிந்தது. இளைஞர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் அதே மாதத்தில்தான் கிடைத்தது. பஞ்சாமிர்தம் வாங்க வரிசையில் நிற்கிறவர்கள், அதே வழியில் உள்ள இந்தப் பூட்டுக் கடையில் ஐந்து நிமிஷம் நின்றால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. விலை கூடுதல்தான். உங்கள் மாமனார் காலத்துப் பூட்டு இன்னும் உங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் தொங்குகிறதே, அதை வாங்கின காலத்திலும் அது விலை கூடுதல்தான்.

பூட்டுக் கடையிலிருந்து வெளியே வரும்போது மணி பன்னிரண்டை நெருங்கியிருக்கும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இனி நான் வழி சொல்ல வேண்டியதில்லை, வாசனையே சொல்லும்.

திண்டுக்கல் பிரியாணியின் பெருமைக்கு மூன்று காரணம் சொல்லுவார்கள். ஒன்று, அரிசி. நீளமான பாசுமதி அல்ல. சீரகம்போலப் பொடியாக இருக்கும் சீரகச் சம்பா. வெந்தபின் தனித்தனியாக நிற்பதோடு, கறியின் சாறு முழுவதையும் உறிஞ்சிவைத்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. இரண்டாவது, கன்னிவாடிப் பக்கத்து ஆடு. மூன்றாவது, தண்ணீர். ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரில் செய்தால் வருகிற ருசி வேறு எந்தத் தண்ணீரிலும் வராது என்று உள்ளூர்க்காரர்கள் சத்தியம் செய்வார்கள். சமையல் தெரிந்த பெண்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். ஊர் மாறினால் சாம்பாரே மாறிப் போவதை நாம் பார்க்கவில்லையா?

1957-ல் நாகசாமி நாயுடு என்பவர் இந்த ஊரில் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல் என்று ஒன்றைத் திறந்தார். அவர் எப்போதும் தலைப்பாகை கட்டியிருப்பார். ஜனங்களுக்கு ஓட்டல் பெயர் மறந்து போயிற்று; தலைப்பாகை மறக்கவில்லை. "தலப்பாக்கட்டி கடை" என்றே சொல்லிச் சொல்லி, கடைசியில் கடையே அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. இன்று அந்தப் பெயர் கடல் தாண்டியும் போய்விட்டது. உள்ளூரில் வேறு பிரியாணிக் கடைகளுக்கும் தனித்தனி ரசிகர் கூட்டம் உண்டு. எது உசத்தி என்ற வழக்கில் வெளியூர்க்காரர்களாகிய நாம் தலையிடாமல் இருப்பது புத்திசாலித்தனம். ஒரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். தம் பிரித்த சூட்டோடு கிடைக்கும், கூட்டமும் இராது. மிளகுக் காரம் மெதுவாகத்தான் தெரியும், குழந்தைகளுக்கு வெங்காயத் தயிர்ப் பச்சடியைத் தாராளமாகக் கலந்து கொடுங்கள். சைவர்களுக்கு வாழையிலைச் சாப்பாடு எங்கும் கிடைக்கும். அவர்களுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை: சிறுமலை வாழைப்பழம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். பார்க்கச் சின்னதாக, தோல் தடித்து, அழகில்லாமல் இருக்கும். மணம் மட்டும் அறை முழுவதும் பரவும். 1970-களில் முடிக்கொத்து நோய் வந்து மலைத் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்து போயின. தப்பிப் பிழைத்த ஜாதி அது. விருப்பாட்சி மலை வாழைக்கும் இதற்கும் 2008-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது.

சாப்பிட்டபின் என்ன? தூக்கம். பகல் ஒரு மணியிலிருந்து மூன்றரை வரைக்கும் இந்தச் சமவெளியில் வெளியே உலாவுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. மேற்கே கொடைக்கானல் மலை, கிழக்கே சிறுமலை, நடுவே செம்மண்ணும் கல்லுமாக உலர்ந்த பூமி. மழை தயவு செய்கிற இடமல்ல. கிணறும் கண்மாயும் நம்பிப் பிழைக்கிற ஜனங்கள். இந்த ஊரின் தோல் பதனிடும் தொழில் அந்தக் கிணறுகளிலும் கைவைத்துவிட்டது; தமிழ்நாட்டுத் தோல் ஷாப்புக் கழிவுகளைப்பற்றி 1996-ல் சுப்ரீம் கோர்ட் அளித்த பிரசித்தமான தீர்ப்பில் திண்டுக்கல் ஜில்லாவும் வருகிறது. தாகத்துக்குக் கண்ட இடத்தில் குடிக்காமல் கையில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு முன்பே கோட்டை அடிவாரத்தில் இருக்க வேண்டும். மத்திய அரசின் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது கோட்டை. வாசலில் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பொழுது சாயும்போது கதவை அடைத்துவிடுவார்கள் என்பதால் தாமதித்தால் ஏமாற்றம்தான். பாறையிலேயே வெட்டின படிகள். பட்டுப்புடவையும் உயரக் குதி வைத்த செருப்பும் இதற்கு உதவா. முழங்கால் வலிக்காரர்கள் ஏறித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அடிவாரத்தில் கோட்டை மாரியம்மன் கோயில் இருக்கிறது, அங்கே அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். மாசி மாதத்தில் வந்தால் உட்கார இடம் கிடைக்காது! பூச்சொரிதலும் திருவிழாவுமாக ஊரே அங்கேதான் இருக்கும்.

1605-ல் மதுரை நாயக்கர் வம்சத்து முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் கட்டத் தொடங்கிய கோட்டை இது. மதுரையைப் பிடிக்க வடக்கேயிருந்தும் மேற்கேயிருந்தும் வருகிறவன் இதைத் தாண்டித்தான் வர வேண்டும். அதனால் எல்லோருக்கும் இதன்மேல் கண். 1755-ல் மைசூரிலிருந்து பௌஜ்தாராக இங்கே வந்தவர் ஹைதர் அலி. அவருடைய பெரிய வாழ்வுக்கு இந்தப் பாறைதான் முதல் படி. பிறகு திப்பு சுல்தான் வசம் இருந்தது. 1790-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். இந்த வருஷங்களையெல்லாம் குழந்தைகளிடம் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். பீரங்கி மேடையில் ஏறி நின்று எதிரியைத் தேடச் சொல்லுங்கள், அதுதான் சரித்திரம்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு ஒரு கதை.

1772-ல் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரை ஆங்கிலேயரின் படை கொன்றது. ராணி வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியை அழைத்துக்கொண்டு, விசுவாசிகள் சிலருடன் ஊரைவிட்டுத் தப்பினாள். அவள் வந்து சேர்ந்த இடம் இந்தச் சீமைதான். இங்கிருந்து பழனிக்குப் போகும் வழியில் உள்ள விருப்பாட்சியின் பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார். ஹைதர் அலியின் உதவியை நாடி ராணி திண்டுக்கல்லுக்கு வந்தாள். அவரிடம் அவள் உருது மொழியிலேயே பேசினாள் என்று சொல்லுவார்கள். கணவன் இல்லை, நாடு இல்லை, கையில் ஒரு பெண் குழந்தை. அந்நிய ஊரில் அவளுடைய முதல் நாள் எப்படி விடிந்திருக்கும் என்று அந்தச் சுவர்மேல் கைவைத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். எட்டு வருஷம் காத்திருந்தாள். 1780-ல் படையோடு திரும்பிப் போய்ச் சிவகங்கையை மீட்டாள். அடைக்கலம் கொடுத்த கோபால நாயக்கரைப் பிற்பாடு, 1801-ல், ஆங்கிலேயர் பிடித்துத் திண்டுக்கல்லுக்கு அருகே தூக்கிலிட்டார்கள்.

மேலே ஒரு கோயில் இருக்கிறது. உள்ளே மூர்த்தி இல்லை. தூண்களும் சிற்பங்களும் இருக்கின்றன, கர்ப்பக்கிருகம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. பக்தியுள்ளவர்களுக்குச் சிறிது வருத்தமாகவே இருக்கும். அபிராமி அம்மனும் பத்மகிரீசுவரரும் வெகுகாலமாக ஊருக்குள் உள்ள கோயிலில்தான் குடியிருக்கிறார்கள். மலைக்குப் பத்மகிரி என்பது பழைய பெயர். இறங்கிப் போனபின் அங்கே போய் விளக்கு வைக்கும் நேரத்தில் தரிசனம் செய்துகொள்ளலாம்.

உச்சியில் ஒரு அரை மணி நேரமாவது சும்மா உட்காருங்கள். காற்று பிய்த்துக்கொண்டு போகும். கொண்டையைக் கெட்டியாக முடிந்துகொள்ளுங்கள். காலடியில் ஊர் முழுவதும் தெரியும். ஒரு பக்கம் தேவாலயத்தின் கோபுரம். இன்னொரு பக்கம் பேகம்பூர்ப் பள்ளிவாசல். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடங்கியிருக்கும் இடம் அது. பேட்டைக்கே அவள் பெயர்தான். அதற்கப்பால் தென்னந்தோப்புகள், மில் கூரைகள், பளிச்சென்று ஒரு குளம், எறும்பு ஊர்வதுபோல ஒரு ரயில். கொடைக்கானல் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது பாறை முழுவதும் மஞ்சள் பூசிக் குளித்தாற்போல் ஆகிவிடும்.

கீழே இறங்கி, கடைவீதியில் நடந்தால் மல்லிகை கூப்பிடும். நிலக்கோட்டையும் திண்டுக்கல்லும் பூவுக்குப் பேர்போன இடங்கள். மதுரை மல்லி என்று நாம் கொண்டாடுவதில் கணிசமான பங்கு இந்த ஜில்லாத் தோட்டங்களில் பூப்பதுதான். 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு வழங்கியபோது இந்தப் பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்தே வழங்கினார்கள். இங்கே முழம் அளக்கிற பூக்காரியின் கை, நம் பட்டணத்துப் பூக்காரியின் கையைவிட நீளம் என்று எனக்கு ஓர் அபிப்பிராயம்.

இரவு இரண்டு இட்டிலி, ஒரு டம்ளர் பால். முதல் நாள் அவ்வளவுதான்.

"சிறுமலைக்குப் போகவில்லையே? தாடிக்கொம்புப் பெருமாளைச் சேவிக்கவில்லையே?" என்று பட்டியல்காரர் முணுமுணுப்பார். சிறுமலைக்குப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. இரவுப் பிரயாணம் செய்து வந்த வயிற்றோடு முதல் நாளே அதில் ஏறினால் என்ன நடக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியும், பத்திரிகையில் எழுத முடியாது! தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் மண்டபச் சிற்பங்களைத் தூக்கக் கண்ணோடு பார்ப்பது பாவம். மறுநாள் காலை முதல் வேலையாகப் போங்கள்.

மறுநாள் எனக்கு மட்டும் ஒரு இடந்தான் பார்க்கலாம் என்றால் நான் காந்திகிராமத்துக்குப் போவேன். மதுரை ரோட்டில் அரை மணி நேரந்தான். டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம் சிறு வயதில் மணமாகி, இளமையிலேயே கணவரை இழந்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு வீட்டின் பின்கட்டுத்தான் உலகம். அவர் டில்லிக்குப் போய் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். ஹரிஜன சேவையில் ஈடுபட்டிருந்த ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-ல் இருவருமாகச் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் இந்த ஆசிரமத்தை ஆரம்பித்தார்கள். பிரசவத்துக்குச் சரியான உதவி இல்லாமல் கிராமத்துப் பெண்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. அங்கே தொடங்கிய சின்ன வைத்திய உதவி கஸ்தூரிபா ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. 1956-ல் ஆரம்பித்த கிராமியக் கல்வி நிலையம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1962-ல் திண்டுக்கல் ஜனங்கள் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள்; மத்திய சர்க்காரில் கல்வித் துணை மந்திரியாகவும் இருந்தார். 1984-ல் காலமானார்.

திரும்பும் வழியில் சின்னாளப்பட்டியில் இறங்காமல் வர உங்களால் முடியாது; நானும் தடுக்கப் போவதில்லை. பட்டுக்கு வசதியில்லாத எத்தனையோ கல்யாண வீடுகளில் ஒரு காலத்தில் மானம் காத்தது சின்னாளப்பட்டுத்தான். இப்போது பருத்திச் சுங்குடியைத் தேடுகிறவர்களே அதிகம். கடையில் சொல்லுகிற விலைக்கே வாங்கிவிடாமல் நாலு கடை ஏறி இறங்குங்கள். கணவரை வாசலில் இருக்கும் டீக் கடையில் உட்கார வைத்துவிட்டுப் போவது நல்லது.

ஒரே ஒரு எச்சரிக்கை. திண்டுக்கல் பூட்டு வாங்கினீர்களானால், கூடவே கொடுத்த எல்லாச் சாவியையும் கடையிலேயே போட்டுத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றைக் கைப்பையிலும் இன்னொன்றைக் கணவர் பெட்டியிலுமாகத் தனித்தனியே வையுங்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துத் தொலைத்துவிட்டு உங்கள் ஊர்ச் சாவிக்காரரை அழைத்தால், அவர் அந்தப் பூட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது திண்டுக்கல் பூட்டுங்களே அம்மா!" என்று சொல்லிக் கருவிப் பையை மூடிக்கொண்டு போய்விடுவார்.